அதிரும் தூணில் வெல்டு விடும்போது: எந்தச் சீரமைப்பைத் தேர்வது?

கல் உடைக்கும் ஆலைகளில் ஜல்லியைத் தரம் பிரிக்கும் அதிர்வுச் சல்லடை பெரும்பாலும் தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரத்தில், நான்கு எஃகுத் தூண்களின் தலையில் நிற்கும். அப்படியொரு ஆலையில், ஐ.எஸ்.எம்.பி. 300 தூணும் (300 மில்லிமீட்டர் உயர 'ஐ' வடிவ எஃகு) அதில் வந்து சேரும் பீமும் சந்திக்கும் இடத்தை ஏணியில் ஏறிப் பார்த்தபோது, முதலில் கண்ணில் பட்டது விரிசல் அல்ல. வெல்டின் ஓரமாகப் பெயிண்ட் மெல்லியதாக உரிந்து, அந்தக் கோட்டிலிருந்து செந்நிறப் பொடி கண்மை இழுத்ததுபோல் கீழே வழிந்திருந்தது. விரலில் தொட்டால் மிளகாய்த்தூளைவிட நைசாக ஒட்டியது. விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால் மட்டுமே அந்தப் பொடி வரும். மழையில் பிடிக்கும் துரு அப்படி இருக்காது. "போன தடவை போட்ட பட்டைக்கு மேலதான் சார் இப்ப விட்டிருக்கு" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. ஏற்கெனவே மூன்று முறை வெல்டு வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு தகட்டைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். மூன்று முறையும் விரிசல் திரும்பி வந்திருந்தது, அதுவும் முந்தைய முறையைவிடச் சீக்கிரமாக.

இத்தகைய இணைப்பைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. விரிசலைத் தோண்டி எடுத்து மறுபடி வெல்டு வைக்கலாம்; வெல்டின் விளிம்பைத் தேய்த்து மென்மையாக்கலாம்; முக்கோணத் தகடுகளைச் சேர்த்து இறுக்கலாம்; வெல்டை விட்டுவிட்டு உயர்வலிமை போல்ட்டுக்கு மாறலாம்; குறுக்குத் தாங்கிகள் கொடுத்துக் கட்டமைப்பின் அதிர்வெண்ணையே மாற்றலாம்; எந்திரத்திலேயே கை வைத்து அதிர்வைக் குறைக்கலாம். பெரும்பாலான இடங்களில் முதலாவதும் மூன்றாவதும்தான் கைக்கு வருகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு வெல்டரும் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுபவையும் இந்த இரண்டுதான்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஓர் எளிய கணக்கைப் போட்டுவிட வேண்டும். சல்லடை நிமிடத்துக்கு 900 சுற்று ஓடினால் நொடிக்கு 15 அதிர்வு. நாளுக்கு 16 மணி நேரம் ஓட்டினால் 8,64,000 முறை அந்த இணைப்பு இழுபட்டு அமுங்குகிறது. வெல்டு இணைப்புகளின் அயர்வு வலிமையை (திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையைத் தாங்கும் வலிமையை) குறிக்க ஐரோப்பிய விதிநூல் எடுத்துக்கொள்ளும் 20 லட்சம் சுழற்சி இங்கே மூன்றாம் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதே விதிநூலின் அடுத்த எல்லையான 50 லட்சம் ஆறு நாளில் தீர்ந்துபோகிறது. கடைசி எல்லையான 10 கோடி என்பது நான்கு மாதத்துக்குள் வந்துவிடும். ஆகவே, ஒரு பாலத்துக்கோ கிரேன் பீமுக்கோ கேட்பதுபோல் "இது எத்தனை ஆண்டு தாங்கும்" என்று கேட்பதில் இங்கே பொருளில்லை. இணைப்பில் ஏறி இறங்கும் தகைவு வீச்சு (ஒரு சதுர அளவில் விழும் விசையின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம்), விரிசலே வளராத எல்லைக்குள் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. நம்முடைய ஐ.எஸ். 800: 2007 விதிநூலின் அயர்வு அத்தியாயம் இந்த எல்லைக்கு 27 மெகாபாஸ்கல் என்ற எண்ணைத் தருகிறது: தகைவு வீச்சு 27-ஐப் பகுதிப் பாதுகாப்புக் காரணியால் வகுத்த அளவுக்குள் இருந்தால் அயர்வுக் கணக்கே தேவையில்லை. சாதாரண எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் நெகிழ்வுத் தகைவு 250 மெகாபாஸ்கல் என்பதோடு இதை வைத்துப் பார்த்தால், எவ்வளவு சிறிய தகைவு இவ்வளவு பெரிய தூணைப் பிளக்கப் போதுமானது என்பது விளங்கும். இதே காரணத்தால், இ250 தர எஃகை எடுத்துவிட்டு அதைவிட வலிமையான இ350 போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதற்குச் செலவழிக்க வேண்டாம். வெல்டு செய்த இணைப்பின் அயர்வு வலிமை எஃகின் தரத்தைப் பொறுத்து உயர்வதில்லை. அது வெல்டின் வடிவத்தையும், அதன் விளிம்பில் இருக்கும் நுண்ணிய பள்ளங்களையும் பொறுத்தது.

அடுத்து, விரிசல் எங்கே பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எந்தச் சீரமைப்பு பலிக்கும் என்பதில் பாதி இதிலேயே முடிவாகிறது. பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயத்தை ஊற வைத்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் சில நிமிடங்களில் விரிசல் செங்கோடாக மேலே எழும். அந்தக் கோடு வெல்டும் தூணின் தகடும் சேரும் விளிம்பில் ஓடினால், அது வெளியிலிருந்து பிறந்து தூணின் தகட்டுக்குள் போகிறது. கோடு வெல்டின் முதுகில், நட்டநடுவே ஓடினால், அது உள்ளே வேரில், அதாவது வெல்டின் அடியில், பிறந்து வெல்டையே பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தபோது அந்த இடத்தில் வெல்டு முழுக்கப் போய்விட்டது என்று பொருள். முதல் வகைக்கு வெல்டைப் பருமனாக்கிப் பயனில்லை, விளிம்பைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு விளிம்பை எவ்வளவு அழகாகத் தேய்த்தாலும் பயனில்லை. தொண்டைக் கனத்தை (வெல்டின் மிகக் குறுகிய குறுக்களவை) கூட்ட வேண்டும், அல்லது முழு ஊடுருவல் வெல்டுக்கு மாற வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பீமின் மேல், கீழ்த் தகடுகளுக்கு நேராகத் தூணுக்குள் குறுக்குத் தகடுகள் வைக்கப்படாமல் இருந்தால், தூணின் விளிம்புத் தகடு ஒவ்வொரு அதிர்வுக்கும் வெளியே வளைந்து உள்ளே திரும்பும். வெல்டின் ஓரங்கள் சும்மா இருக்க, நடுப்பகுதி மட்டும் சுமை முழுவதையும் வாங்கும். விரிசல் வெல்டின் நடுநீளத்தில் தொடங்கி இரு பக்கமும் பரவியிருந்தால் இந்தக் குறையை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

மறுவெல்டு தன்னளவில் தவறான வேலை அல்ல. அரைகுறையாகச் செய்யப்படுவதே அதன் நோய். விரிசலின் மேல் ஒரு வரி வெல்டு ஓட்டுவது விரிசலை மூடி வைப்பதாகுமே தவிர, அதை நீக்குவதாகாது. கவுஜிங் (உலோகத்தை உருக்கி வாய்க்காலாக எடுத்தல்) செய்தோ கிரைண்டரால் தோண்டியோ, கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் உலோகத்தை எடுத்து, மறுபடி சாயம் போட்டு, கோடு வரவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் வெல்டிங் ராடைத் தொட வேண்டும். குறைந்த ஹைட்ரஜன் ராடான 7018 வகையைப் பயன்படுத்துவதாகப் பலரும் சொல்வார்கள். ஆனால் உறை பிரித்த பாக்கெட் மழைக்காலத்தில் ஷெட்டின் மூலையில் இரண்டு வாரம் கிடந்தால் அது ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு அதைக் குறைந்த ஹைட்ரஜன் ராடு என்று சொல்லவே முடியாது. 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரையிலான அடுப்பில் உலர்த்தி, சூடாக எடுத்துப் போட வேண்டும். தோண்டும் முன் தூணுக்கு ஜாக்கி கொடுத்துச் சுமையை இறக்க வேண்டும் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அதுகூட இல்லாமல் வேலை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் தூணிலேயே பிடிக்க வேண்டும். எங்கோ தூரத்தில் பிடித்தால் மின்னோட்டம் சல்லடையின் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். தூணைச் சரிசெய்யப் போய் எந்திரத்தைக் கெடுத்ததாக முடியும். இத்தனையும் முறையாகச் செய்தாலும் மறுவெல்டு தருவது பழைய இணைப்பின் பழைய ஆயுளை மட்டுமே. முதல் வெல்டு 14 மாதத்தில் விட்டதென்றால், அந்தரத்தில் தலைக்கு மேல் கை நீட்டிப் போட்ட வெல்டு அதைவிட அதிகம் நிற்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மறுவெல்டோடு விளிம்பைத் தேய்ப்பதையும் சேர்த்தால் நிலைமை சற்று மேம்படும். உருண்டை முனை கொண்ட பர் கருவியால், வெல்டும் தகடும் சேரும் கோட்டில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் வழவழப்பான வாய்க்கால் எடுக்க வேண்டும். வெல்டு உறையும்போது அங்கே தங்கிய நுண்ணிய கசடும் பள்ளமும் அதோடு போய்விடும். சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைகள் இதற்குத் தகைவு அளவில் 1.3 மடங்கு மேம்பாடு தருகின்றன. தகைவுக்கும் தாங்கும் சுழற்சிக்கும் உள்ள உறவைக் காட்டும் அயர்வுக் கோட்டின் சரிவு 3 என்பதால், தாங்கும் சுழற்சி 1.3-இன் கனம், அதாவது ஏறத்தாழ 2.2 மடங்காகும். நல்ல லாபம்தான், ஆனால் 14 மாதம் 30 மாதமாகும், அவ்வளவே. சாதாரண ஆங்கிள் கிரைண்டரை வைத்து இதைச் செய்பவர்கள் வட்டின் கீறல்களை வெல்டுக்கு இணையாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் தகைவுக்குக் குறுக்கே கிடக்கும் புது விதை. அதற்குத் தேய்க்காமலே விட்டிருக்கலாம்.

முக்கோணத் தகடு சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர் பட்டறைகளில் பலம் என்ற சொல்லுக்கு இன்னொரு பெயராகவே அது ஆகிவிட்டது. அசையாத சுமைக்கு அது பலம்தான். அதிரும் சுமைக்கோ, ஒவ்வொரு புதுத் தகடும் புதிதாக நான்கு வெல்டு விளிம்புகளைக் கொண்டுவருகிறது; தகட்டின் கூர்முனை வந்து முடியும் இடத்தில் விறைப்பு திடீரென்று மாறுவதால் தகைவு அங்கே குவிகிறது. மேஸ்திரி காட்டிய புது விரிசல் மிகச் சரியாக அந்தக் கூர்முனையில்தான் தொடங்கியிருந்தது. இணைப்பு கெட்டிப்பட்டது, விரிசல் ஒரு சாண் மேலே நகர்ந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. துணைக்காக ஒட்ட வைக்கும் சிறு பொருள் எவ்வளவு பெரிய சேதத்துக்கு வித்தாக முடியும் என்பதற்கு 1980 மார்ச் 27 அன்று வட கடலில் கவிழ்ந்த அலெக்சாண்டர் கீலண்ட் மிதவை மேடை ஆறாத சாட்சி. தூண்களை இணைத்த பிரேஸ்களில் (குறுக்குத் தாங்கிகளில்) ஒன்றில், ஒலியுணர் கருவி ஒன்றைப் பொருத்துவதற்கென வைத்த சிறு தாங்கியின் வெல்டில் விரிசல் பிறந்தது. அந்த பிரேஸ் அறுந்தது. ஒரு தூண் பிரிந்தது. 123 பேர் மாண்டனர். அங்கே வெல்டை வாட்டியவை அலைகள், இங்கே சல்லடை. விரிசல் வளரும் விதம் ஒன்றுதான். கேபிள் பிடிப்புக்கும் ஏணிக் கொக்கிக்கும் தூணில் வெல்டு வைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வது நல்லது. தகடு சேர்ப்பதில் ஒரே விதிவிலக்கு, மேலே மூன்றாவதாகச் சொன்ன குறை. தூணுக்குள் குறுக்குத் தகடு இல்லாததுதான் காரணம் என்றால் அதைச் சேர்ப்பது கட்டாயம். அது புதுப் பலம் அல்ல, முதலிலேயே இருந்திருக்க வேண்டியது.

தகடும் குறுக்குத் தாங்கியும் இன்னொரு வழியிலும் ஏமாற்றும். ஒரு கட்டமைப்பின் இயல்பதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயர்கிறது. பக்கவாட்டில் 11 ஹெர்ட்ஸில் ஆடும் சட்டகத்தின் மேல் 15 ஹெர்ட்ஸ் சல்லடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்திரத்தின் வேகம் சட்டகத்தின் அதிர்வெண்ணைத் தாண்டி நிற்பதால், விசை ஏறக்குறைய 1.2 மடங்குதான் பெருகுகிறது. ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று பயந்து, குறுக்குத் தாங்கி போட்டு விறைப்பை இரட்டிப்பாக்கினால் இயல்பதிர்வெண் 15.5 ஹெர்ட்ஸாகிறது. எந்திரத்தின் வேகத்தோடு ஏறக்குறைய ஒட்டிவிட்டது! வெல்டு செய்த எஃகுச் சட்டகத்தில் இயற்கையாக உள்ள தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் தன்மை) 2 சதவீதம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் விசை இப்போது பதின்மூன்று மடங்கு பெருகும். நல்லெண்ணத்தோடு போட்ட தாங்கி இணைப்பின் மேல் ஏறும் விசையைப் பத்து மடங்குக்கும் மேல் கூட்டிவிட்டது. இதே வழியைத் தெரிந்து செய்தால் மிகச் சிறந்த தீர்வாகவும் ஆகும்: விறைப்பை இரண்டு மடங்கில் நிறுத்தாமல் நான்கு மடங்குக்கு மேல் கொண்டுபோனால் இயல்பதிர்வெண் 22 ஹெர்ட்ஸைத் தாண்டி, பெருக்கம் இரண்டு மடங்குக்குள் அடங்கும். பாதியில் நிற்பதுதான் ஆபத்து. ஆகவே குறுக்குத் தாங்கி போட நினைப்பவர் முதலில் எந்திரத்தை நிறுத்திவிட்டு, தூணின் தலையில் அதிர்வுமானியை ஒட்டி, ஒரு மரக்கட்டையால் ஓங்கித் தட்டிப் பார்த்து இயல்பதிர்வெண்ணை அளந்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை.

எந்திரத்தின் பக்கம் திரும்பினால், செலவு குறைந்த தீர்வுகள் அங்கேதான் அதிகம் கிடக்கின்றன. 4 டன் எடையுள்ள சல்லடை ஸ்பிரிங்குகளை 40 மில்லிமீட்டர் அமுக்கி உட்காருகிறது என்றால், அந்த ஸ்பிரிங்குகளின் மொத்த விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோநியூட்டன். சல்லடை மேலும் கீழும் 4.5 மில்லிமீட்டர் வீச்சில் ஆடினால், சட்டகத்துக்குள் இறங்கும் அதிர்வு விசை 4.5 கிலோநியூட்டன்தான், சல்லடையின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு. நன்றாக இருக்கும் ஸ்பிரிங் இவ்வளவு காப்பாற்றுகிறது. ஆனால் நான் பார்த்த இடத்தில் நான்கு மூலைகளில் இரண்டில், ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே கல் தூள் புகுந்து, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, சிமெண்ட் பூசியதுபோல் கெட்டிப்பட்டிருந்தது. அந்தச் சுருள்கள் அமுங்கவே இல்லை. இயங்கும் சுருள்கள் பாதியானால் விறைப்பு இரட்டிப்பாகும், கீழிறங்கும் விசையும் இரட்டிப்பாகும். கம்பியும் தண்ணீரும் வைத்து அரை நாளில் சுத்தம் செய்யக்கூடிய விஷயம் அது. உடைந்த ஸ்பிரிங் ஒன்றை மட்டும் மாற்றுவதும் தவறு. புதியதும் பழையதும் கலந்தால் சல்லடை கோணி ஆடும், தூண்களுக்கு எதிர்பாராத பக்கவாட்டு விசை வரும். முழுத் தொகுப்பாகவே மாற்ற வேண்டும்.

புல்லியை மாற்றி வேகத்தை 900-லிருந்து 850-க்கு இறக்குவதும் பேசப்படும் வழிதான். வேகம் குறைந்தால் விசை வர்க்க விகிதத்தில் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தன் இயல்பதிர்வெண்ணுக்கு மிக மேலே ஓடும் சல்லடைக்கு அது பொருந்தாது. அங்கே வீச்சு வேகத்தைப் பொறுத்து ஏறக்குறைய மாறுவதே இல்லை, எனவே ஸ்பிரிங் வழியாக இறங்கும் விசையும் மாறாது. சட்டகம் ஒத்ததிர்வுக்கு (எந்திர வேகமும் இயல்பதிர்வெண்ணும் ஒன்றாகும் நிலைக்கு) அருகில் இருந்து, வேகமாற்றம் அதிலிருந்து விலக உதவினால்தான் பலன். மேலே சொன்ன 15.5 ஹெர்ட்ஸ் சட்டகத்தில் 850 சுற்றுக்கு இறங்கினால் பெருக்கம் பதின்மூன்றிலிருந்து ஆறுக்கு வரும். பாதிதான், ஆனால் தகைவு பாதியானால் அயர்வு ஆயுள் எட்டு மடங்காகும். பதிலுக்கு ஜல்லி பிரியும் தரம் பாதிக்கப்படலாம். அதை ஆலையின் முதலாளிதான் ஏற்க வேண்டும். எந்திரத்தை நிறுத்தும்போது அது, ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் சல்லடையின் இயல்பதிர்வெண்ணான 2.5 ஹெர்ட்ஸைக் கடந்து வரும் சில நொடிகளில் சல்லடை தாறுமாறாகக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை நிறுத்தி ஓட்டும் இடங்களில் அந்தக் குதிப்பும் கணக்கில் சேரும். மோட்டாருக்கு பிரேக்கிங் வசதி கொடுத்தால் அது வெகுவாகக் குறையும்.

போல்ட்டுக்கு மாறுவது இணைப்பின் தரத்தையே உயர்த்தும் வழி. ஐரோப்பிய விதிநூலில் சுமை தாங்கும் ஃபில்லெட் வெல்டின் (இரு தகடு சேரும் மூலையில் முக்கோணமாக வைக்கும் வெல்டின்) வேர் விரிசலுக்கு 20 லட்சம் சுழற்சியில் 36 மெகாபாஸ்கல். இருபுறமும் தகடு வைத்து முன்னிறுக்கம் கொடுத்த உயர்வலிமை போல்ட் இணைப்புக்கு 112. மூன்று மடங்குக்கு மேல். இந்த வித்தியாசம் போல்ட்டால் வருவதல்ல, உரசலால் வருவது. எம்20, 8.8 தர போல்ட்டை முழுதாக இறுக்கினால் அது தகடுகளை 137 கிலோநியூட்டன், சுமார் 14 டன் விசையோடு அழுத்திப் பிடிக்கிறது. சுமை அந்த அழுத்தத்தின் உரசல் வழியாகப் பரவலாகக் கடக்கிறது. ஷாட் அல்லது கிரிட் எனும் உலோகக் குருணை வீச்சால் சுத்தம் செய்த பரப்புக்கு ஐ.எஸ். 800 தரும் உரசல் கெழு 0.5, எதுவும் செய்யாத பரப்புக்கு 0.2. அதாவது ஒரே போல்ட் ஓர் இடத்தில் 68 கிலோநியூட்டன் தாங்கும், இன்னோர் இடத்தில் 27 மட்டும். தகடுகள் சேரும் முகத்தில் பெயிண்டோ கிரீஸோ இருந்தால் இந்தத் தீர்வின் அடிப்படையே போய்விடும், சில வாரங்களில் போல்ட்டும் தளரும். சாதாரண போல்ட்டை ஸ்பேனரால் "கை இறுக்கம்" இறுக்குவது இதற்கு மாற்று அல்ல. துளை போட இரண்டு நாள் நிறுத்தம் தேவைப்படும், தூணின் தகட்டில் துளைக்கான இழப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், தேய்ந்தால் மாற்றலாம், தளர்ந்தால் இறுக்கலாம் என்பதால் அதிரும் இடத்தில் வெல்டைவிட இதையே நான் விரும்புகிறேன்.

விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்துவது அடுத்த நிறுத்தம் வரை நாளைக் கடத்த மட்டும். 20 அல்லது 25 மில்லிமீட்டர் துளை, விரிசலின் முனை துளைக்குள் விழுந்திருக்கிறதா என்று சாயத்தால் சோதித்து, ஓரங்களைத் தேய்த்து, அதிலேயே ஒரு உயர்வலிமை போல்ட்டை இறுக்கினால் சில வாரம் வாங்கலாம். அதிர்வை உறிஞ்சும் தனி எடை பொருத்தும் முறை கட்டடத் தளங்களுக்கும் நடைபாலங்களுக்கும் நன்றாக ஒத்துவரும். தூசிக்குள், ஏறி இறங்கும் சுமையோடு ஓடும் சல்லடைக்கு அதன் நுட்பமான ஒத்திசைவு நிலைக்காது.

நான் பார்த்த தூணுக்கு என் தேர்வு இந்த வரிசையில் அமைந்தது. முதல் நாள் ஸ்பிரிங்குகளைச் சுத்தம் செய்து, தட்டிப் பார்த்து அதிர்வெண்ணை அளப்பது. அங்கே முன்பே போட்டிருந்த குறுக்குத் தாங்கிகளால் சட்டகம் எந்திர வேகத்தின் அருகே வந்துவிட்டதாகத் தெரிந்ததால், அவற்றைச் சட்டகம் மறுபடி 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும்படி கழற்றுவதா, அல்லது தெளிவாக மேலே போகும்படி பெரிதாக்குவதா என்று கணக்கிட்டு, இடம் இருந்ததால் பெரிதாக்கும் வழியை எடுத்தோம். மூன்று அடுக்காக ஒட்டிய முக்கோணத் தகடுகளை முழுவதுமாக நீக்கி, அவற்றின் அடித்தடத்தைத் தூணோடு சமமாகத் தேய்த்தோம். தூணின் தகட்டுக்குள் போன விரிசலைத் தோண்டி முறையாக மறுவெல்டு வைத்து, விளிம்பைப் பர் கருவியால் எடுத்து, தூணுக்குள் விடுபட்டிருந்த குறுக்குத் தகடுகளை வைத்த பின், பீமின் இணைப்பை முன்னிறுக்க போல்ட்டுக்கு மாற்றினோம். இடமே இல்லாமல் குறுக்குத் தாங்கி போட முடியாத சட்டகமாக இருந்திருந்தால், அதிர்வெண்ணைக் கீழே இறக்கும் வழியைத் தேர்ந்திருப்பேன். எந்திரத்தை ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒத்ததிர்வைக் கடந்துதான் வர வேண்டும் என்பதால் அது இரண்டாம் இடத்துக்குப் போகிறது.

வேலை முடிந்ததும் இணைப்பின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். செம்பொடி அதில் முதலில் தெரியும். ஒரு வாரம் கழித்து, அதாவது ஏறத்தாழ 60 லட்சம் சுழற்சிக்குப் பிறகு, சாயம் போட்டு ஒருமுறையும், மாதம் முடிந்ததும் போல்ட்டுகளின் இறுக்கத்தை முறுக்குமானியால் ஒருமுறையும், அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்யும் நாளை மேஸ்திரி தன் நோட்டில் எல்லா முதல் தேதிக்கும் எழுதி வைத்துக்கொண்டார்.